தளை நீக்கிய தாய்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

கோயிலுக்கு மணி வார்த்தளித்து, அதில் அன்பிற்குரியோர் பெயரைப் பொறித்து வைப்பது நம் மரபு. அடிமைத்தளை அறுத்த பெரியோர்க்கு ஊரார் பொருள் திரட்டி நினைவுச் சின்னம் எழுப்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோ, இறந்த தம் தங்கையின் நினைவைப் பல்லாயிரம் பேரின் உயிர் காக்கும் மருத்துவமனையாக்கினார்.

அவர் 1886 சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் தேவரடியார் மரபில் வந்தவர். ஆண்களே பயின்ற மகாராசர் கல்லூரியில், பலரின் எதிர்ப்பையும் மீறி, மன்னரின் ஆதரவால் இடம் பெற்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926இல் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் வேர் பக்தியில் மட்டும் இல்லை, நிலத்திலும் இருந்தது. கோயிற்பணிக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலம், பணி தொடர்ந்தால்தான் குடும்பத்தில் நிலைக்கும். ஆகவே ஒரு மகளையேனும் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. அம்மையாரின் முயற்சியால் நிறைவேறிய 1929ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அந்நிலத்தைப் பணியினின்று விடுவித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்கியது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. சாத்திரம் காட்டி மறுத்தோர் ஒருபுறம். தங்கள் இசையும் நடனமும் வாழ்வும் அழியுமென விண்ணப்பித்த தேவரடியார் மறுபுறம். பின்னவர் அச்சத்தைப் பொருளற்றதென ஒதுக்குவதற்கில்லை. 1947இல் வந்த ஒழிப்புச் சட்டம், விருத்தாசலம் உள்ளிட்ட மாகாணத்து ஊர்கள் அனைத்திலும் பொட்டுக்கட்டுதலைத் தடுத்ததோடு, கோயிலில் அவர்கள் ஆடுவதையும் தடுத்தது. விடுதலையோடு ஓர் இழப்பும் உடன்வந்தது.

சட்டம் தளையை நீக்கும். தங்க இடம் தராது. இதனை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். அடைக்கலம் நாடி வந்த சிறுமியரைப் பிற விடுதிகள் ஏற்க மறுத்தபோது, 1930இல் தம் இல்லத்திலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அவ்வாண்டே மேலவைப் பதவியையும் துறந்தார்.

புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்றார். இந்நோய் தீராதென்று பலரும் கைவிட்டிருந்த காலம் அது. இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பணி தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனைப் பெருநிறுவனமாக வளர்த்தனர்.

1956இல் பத்மபூசண் விருது பெற்ற அம்மையார், 1968 சூலை 22ஆம் நாள் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்கான தமிழக அரசின் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறர் அவருக்கு அமைத்த நினைவு அது. ஔவை இல்லத்தில் கல்வி பெறும் சிறுமியரும், அடையாற்றில் நலம் பெற்று இல்லம் திரும்பும் நோயாளரும் அவரே தமக்கு அமைத்துக்கொண்ட நினைவாவர்.