87 வயதில் ஓட்டு கேட்ட எழுத்தாளர்: கைகா அணு உலையை எதிர்த்து சிவராம காரந்த் தேர்தலில் நின்றது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் வரும். ஒன்று நெடுவாசல். ஹைட்ரோகார்பன் எடுக்க 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும், சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் திரண்டு வந்து உட்கார்ந்த போராட்டம் அது. இன்னொன்று தைல மரம். வனத்தோட்டக் கழகம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்க்கும் இந்த மரங்களாலும், அவற்றுக்காகப் போடப்பட்ட வரப்புகளாலும் மழைத்தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேருவதில்லை என்பது விவசாயிகளின் நீண்ட நாள் புகார்.

ஆனால் நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் இந்தப் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. யார் பிரதமர், எந்தக் கூட்டணி என்பதுதான் மேடையை நிறைக்கும். போதாததற்கு, 2009 முதல் புதுக்கோட்டை என்ற மக்களவைத் தொகுதியே கிடையாது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என நான்கு தொகுதிகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன.

காட்டையும் ஆற்றையும் மட்டும் முன்வைத்து ஒருவர் மக்களவைத் தேர்தலில் நின்றால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலத்தில் 1989-ல் அப்படி ஒருவர் நின்றார். தைல மரத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனவரும் அவர்தான். பெயர் கோட்டா சிவராம காரந்த். கன்னடத்தின் மிகப் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர், ஞானபீட விருதாளர். தேர்தலில் நின்றபோது வயது 87.

யார் இந்த காரந்த்?

1902 அக்டோபர் 10-ம் தேதி, குந்தாப்பூருக்குப் பக்கத்தில் உள்ள கோட்டா என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். இன்றைக்கு அது உடுப்பி மாவட்டம். அன்றைக்கு அந்தத் தென் கன்னடப் பகுதி முழுவதும் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோதுதான் அது அன்றைய மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது.

1920-களின் தொடக்கத்தில் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் கலக்கியபோது, காரந்த் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். கதர் விற்றார், சுதேசிப் பிரசாரம் செய்தார். ‘வசந்த’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். ஆனால் எந்தக் கூட்டத்திலும் அடங்கி உட்கார்ந்துவிடும் ஆள் இல்லை அவர். சரின்னு படாததை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார். 1936-ல் சாதி கடந்து லீலா ஆள்வாவைத் திருமணம் செய்துகொண்டார்.

அவர் தொடாத துறையே இல்லை என்று சொல்லலாம். 40-க்கும் மேற்பட்ட நாவல்கள், நாடகங்கள், பயண நூல்கள் எழுதினார். குழந்தைகளுக்கான ‘பால பிரபஞ்ச’, அறிவியலுக்கான ‘விஞ்ஞான பிரபஞ்ச’ ஆகிய கலைக்களஞ்சியங்களைத் தொகுத்தார். புத்தூரில் ‘பாலவனம்’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான கல்விச் சோதனைகளை நடத்தினார். யக்ஷகானக் கலையை ஆராய்ந்து எழுதியதோடு நிற்காமல், அதைப் புதிய வடிவில் மேடையேற்றி வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார்.

1968-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1975-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், அதை எதிர்த்து அந்த விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘மூகஜ்ஜியின் கனவுகள்’ நாவலுக்காக 1977-ல் ஞானபீடம் கிடைத்தது.

நாவல்களில் இருந்த மண்

காரந்துக்குச் சுற்றுச்சூழல் அக்கறை வயதான காலத்தில் திடீரென்று வந்ததல்ல. 1933-ல் வெளியான ‘சோமன துடி’ நாவலில், ஒரு துண்டு நிலத்தைத் தன் கையால் உழ வேண்டும் என்று ஆசைப்படும் தலித் பண்ணையாளின் கதையைச் சொன்னார். சாதி அந்த ஆசையை எப்படி நசுக்குகிறது என்பதுதான் நாவல். 1975-ல் பி.வி.காரந்த் இயக்கத்தில் படமாகி, சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது.

அடுத்து வந்த ‘மரளி மண்ணிகெ’, கடற்கரையில் மூன்று தலைமுறைகளாக மண்ணோடு மல்லுக்கட்டும் ஒரு குடும்பத்தின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டோரம் விவசாயம் செய்து வாழும் ஒரு முதியவரைச் சுற்றி நகர்கிறது ‘பெட்டத ஜீவ’. அங்கே காடு வெறும் பின்னணி இல்லை. அதோடு மனிதர்கள் சண்டையும் போடுகிறார்கள், அதை நம்பியும் வாழ்கிறார்கள். காட்டை யாரும் தொடவே கூடாது என்று காரந்த் சொல்லவில்லை. அதை நம்பி வாழ்கிறவர்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் அவர் கட்சி.

தைல மரத்துக்கு எதிரான வழக்கு

1984-ல் கர்நாடக அரசு ‘கர்நாடகா பல்ப்வுட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அரசின் வனவளர்ச்சிக் கழகமும், ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் என்ற தனியார் ஆலையும் கூட்டாளிகள். சுமார் 30,000 ஹெக்டேர் பொது நிலத்தில் தைல மரம் வளர்த்து, ஆலைக்குக் கூழ் மரமாகக் கொடுப்பது திட்டம்.

அரசுக் கணக்கில் அவை தரிசு நிலங்கள். ஊர்க்காரர்களுக்கோ அதுதான் மாடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், வயலுக்குத் தழை வெட்டுகிற இடம். தைல மர இலையை மாடு வாயில் வைக்காது. நிலமே இல்லாத குடும்பங்களுக்குத்தான் முதல் அடி.

எஸ்.ஆர்.ஹிரேமட் தலைமையிலான சமாஜ பரிவர்த்தன சமுதாய என்ற அமைப்பு இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கில் மனுதாரராகக் காரந்தும் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, மேற்கொண்டு நிலத்தைக் கைமாற்ற நீதிமன்றம் தடை விதித்தது.

1987 நவம்பர் 14-ம் தேதி, அன்றைய தார்வாட் மாவட்டத்தின் குஸ்னூர் கிராமத்தில் மக்கள் தைல மரக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, ஊருக்குப் பயன்படும் மரக்கன்றுகளை நட்டார்கள். ‘கித்திகோ-ஹச்சிகோ’ சத்தியாகிரகம் என்று அதற்குப் பெயர். பிடுங்கு, நடு என்று அர்த்தம். கடைசியில் 1991-ல் அந்த நிறுவனத்தையே மூட அரசு முடிவெடுத்தது.

கைகாவில் என்ன பிரச்சினை?

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம் அடர்ந்த காடுகளைக் கொண்டது. காளி ஆறு இங்கேதான் பிறந்து கடலில் கலக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் அடுத்தடுத்து திட்டங்கள் வந்தன. காளி ஆற்றில் சூபா அணை கட்டினார்கள். கார்வாரில் ‘சீபேர்ட்’ கடற்படைத் தளத்துக்கு 1986-ல் அடிக்கல் நாட்டினார்கள். இவற்றோடு, காளி ஆற்றங்கரையில் கைகா என்ற இடத்தில் அணுமின் நிலையமும் வரும் என்ற அறிவிப்பு வந்தது.

1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்து நடந்தது. அதற்குப் பிறகு அணு உலை என்ற பேச்சே பயத்தைக் கிளப்பியது. அணைகள் நிறைந்த ஆற்றங்கரையில், மழைக்காட்டுக்கு நடுவே உலை எதற்கு? விபத்து நடந்தால் மக்களை எப்படி வெளியேற்றுவது? இந்தக் கேள்விகளோடு டாக்டர் குசுமா சொரபா போன்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். இந்த இயக்கத்தின் மூத்த முகமாகக் காரந்த் இருந்தார். ‘கடற்கரை பார்க்கவர்’ என்று கன்னட மக்கள் கொண்டாடிய மனிதர் பேசும்போது, அதைப் புறந்தள்ளுவது யாருக்கும் எளிதாக இல்லை.

1989 தேர்தல்: யாருக்காக நின்றார்?

மனு கொடுத்தாயிற்று, கூட்டம் போட்டாயிற்று, எழுதியும் ஆயிற்று. அரசு அசையவில்லை. அந்த நேரத்தில்தான் 1989 நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது. உத்தர கன்னட மாவட்டத்தை உள்ளடக்கிய கனரா தொகுதியில், சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் வேட்பாளராகக் காரந்த் களத்தில் இறங்கினார். அவருக்குப் பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை.

வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகு நடந்த முதல் மக்களவைத் தேர்தல் அது. 18 வயதுக்காரர்கள் முதல் முறையாக ஓட்டுப் போட வரிசையில் நின்ற தேர்தலில், அடுத்த 50 ஆண்டுகளில் காட்டுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியோடு 87 வயதுக்காரர் ஓட்டுக் கேட்டார்.

நாட்டின் மற்ற இடங்களில் போஃபர்ஸ் ஊழல் புகார்தான் பேச்சு. ராஜீவ் காந்தி தோற்று வி.பி.சிங் பிரதமரானார். ஆனால் தெற்கே காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கர்நாடகத்தில் 28-ல் 27 இடங்களைக் காங்கிரஸ் அள்ளியது. தமிழ்நாட்டிலும் நாகப்பட்டினம் தவிர, புதுக்கோட்டை உள்பட எல்லாத் தொகுதிகளும் அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்குப் போயின. கனராவில் காங்கிரஸின் ஜி.தேவராய நாயக் வென்றார். காரந்த் தோற்றார்.

ஏன் ஜெயிக்க முடியவில்லை?

ஒரு காரணம் அலை. கர்நாடகத்தில் அப்போது சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்தே நடந்தது. ஆட்சி யாருக்கு என்ற கேள்விக்கு நடுவே அணு உலைக் கேள்வி எடுபடவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் தேர்தல் முறை. நம் ஊரில் அதிக ஓட்டு வாங்கிய ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் வாங்கிய ஓட்டுக்குச் சபையில் எந்தக் கணக்கும் இல்லை. மேற்கு ஜெர்மனியில் பெட்ரா கெல்லி உள்ளிட்டோர் தொடங்கிய பசுமைக் கட்சி, 1983-ல் 5.6 சதவீத ஓட்டை வைத்தே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிட்டது. ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை அங்கே இருந்ததுதான் காரணம். பிரிட்டனில் 1989 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சிக்குச் சுமார் 15 சதவீத ஓட்டு விழுந்தது. கிடைத்த இடமோ பூஜ்யம். அங்கே அப்போது இருந்தது நம்முடையதைப் போன்ற முறை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கூடங்குளம் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப.உதயகுமாரன் 2014-ல் கன்னியாகுமரி தொகுதியில் ஆம் ஆத்மி சார்பில் நின்று தோற்றார். பிறகு அவர் ‘பச்சைத் தமிழகம்’ என்ற சிறிய கட்சியைத் தொடங்கினார்.

தோல்விக்குப் பிறகு என்ன நடந்தது?

கைகா வேலை நிற்கவில்லை. 1994 மே மாதம், கட்டுமானத்தில் இருந்த முதல் உலையின் உள் கூரைக் கவிகையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். உலை அப்போது இயங்கத் தொடங்கவில்லை என்பதால் கதிரியக்க ஆபத்து ஏற்படவில்லை. கவிகையை மறுபடி வடிவமைத்துக் கட்ட வேண்டியிருந்தது. காரந்தும் மற்றவர்களும் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகளை அதன் பிறகு வெறும் பயம்னு ஒதுக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2000-ல் கைகா வணிக ரீதியாக மின்சாரம் தரத் தொடங்கியது. இப்போது அங்கே நான்கு உலைகள் இருக்கின்றன. முதல் உலை 2018 டிசம்பர் வரை 962 நாட்கள் இடைவிடாமல் ஓடி உலக சாதனை படைத்தது. அணுமின்சாரம் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

காரந்த் கடைசி வரை எழுதுவதை நிறுத்தவில்லை. 1997 டிசம்பர் 9-ம் தேதி, 95-வது வயதில் காலமானார். கைகாவில் உலை எரியத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

அப்படியானால் நின்றதில் என்ன பயன்?

ஓட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சின்னத் தரப்பு தேர்தலில் நிற்பதற்கு வேறு ஒரு வேலையும் உண்டு. ஊரைப் பாதிக்கிற முடிவை நிபுணர்களும் அதிகாரிகளும் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது, அதை வாக்காளரின் முன்னால் கொண்டுவந்து வைப்பது. பெரிய கட்சிகள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மௌனமாவது அம்பலமாகும். காரந்த் 1989-ல் செய்தது அதைத்தான். தைல மர வழக்கில் நீதிமன்றமும் களப் போராட்டமும் சேர்ந்து பலன் தந்தன. கைகாவில் தேர்தல் பலன் தரவில்லை. எந்தக் கதவு திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால், அவர் எல்லாக் கதவையும் தட்டினார்.

புதுக்கோட்டையின் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தபோது, மாவட்டத்தின் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. நெடுவாசல் மக்களின் நெருக்கடி இல்லாமல் அது நடந்திருக்குமா? ஒரு பசுமைக் கட்சி எம்.பி.கூட இல்லாமல் கிடைத்த சட்டம் அது. தைல மரத்துக்கு இன்னும் அப்படி ஒரு முடிவு வரவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலில் நான்கு தொகுதி வேட்பாளர்களும் அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டு வரத்தான் போகிறார்கள். கண்மாய்க்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று அப்போது கேட்க வேண்டியது வாக்காளர்கள்தான்.

காரந்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: ‘மரளி மண்ணிகெ’ நாவல் ‘மண்ணும் மனிதரும்’ என்ற பெயரில் தமிழில் வந்திருக்கிறது. ‘அழிந்த பிறகு’ நாவலும் தமிழில் இருக்கிறது.