பழைய ஃபிலிம் கேமரா வாங்குறீங்களா? திருவண்ணாமலைக்கு வந்த இந்த மனிதரைத் தெரிஞ்சுக்கோங்க!

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில், திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன் ஒலக்கூர். நீங்க அந்த ஊர்க்காரர்னா, திண்டிவனம் போய் பஸ் மாறினா போதும். ஒரு பக்கம் செஞ்சி வழியா திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் புதுச்சேரி. ரெண்டுக்குமே காலையில கிளம்பி சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிடலாம். 1950 ஏப்ரலில் இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் உள்ளங்கை அளவு கேமராவோடு இருந்தார். பெயர், ஆன்ரி கார்த்தியே ப்ரெஸோன்.

நீங்க இப்போ நடுராத்திரியில ஆன்லைன்ல தேடிட்டு இருக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினதுல இவருக்குப் பெரிய பங்கு உண்டு. விலையில பாதி இவர் பேருக்குத்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதனால, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இவர் கதையைக் கேட்டுக்கோங்க.

1908-ல் வசதியான நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்தார். ஆசைப்பட்டதோ ஓவியம். இருபதுகளின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போய், வேட்டையாடிப் பிழைத்தார். அங்கே கடுமையான காய்ச்சல் வந்து, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். ஊருக்கு வந்தபிறகு, மார்ட்டின் முங்காச்சி எடுத்த ஒரு படம் கண்ணில் பட்டது. மூன்று சிறுவர்கள் ஏரி அலைக்குள் ஓடும் படம். அவ்வளவுதான், தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு, 1932-ல் மார்செய் நகரில் ஒரு லைக்கா வாங்கினார்.

அவர் அந்தக் கேமராவுக்குச் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். எதிரே இருப்பவர் கண்ணில் கேமரா படக் கூடாது என்பதற்காக! நாம என்னடான்னா, க்ரோம் மின்னுதா, இன்ஸ்டால போட்டா அழகா இருக்குமான்னு பார்க்கிறோம். மேல்தகட்டில் பெயின்ட் உரிஞ்சு, பித்தளை தெரியுதா? விலையைக் குறைச்சுக் கேளுங்க, படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மானியரிடம் சிக்குவதற்கு முன், வோஜ் மலைப் பகுதியில் தன் லைக்காவை மண்ணில் புதைத்துவைத்தார். 1940-லிருந்து போர்க்கைதி. இரண்டு முறை தப்ப முயன்று பிடிபட்டார். மூன்றாவது முறை, 1943-ல், தப்பித்தார். பிறகு அந்தக் கேமராவைத் தோண்டி எடுத்தார். இதற்கிடையே அவர் போரில் இறந்துவிட்டார் என்று நம்பி, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அஞ்சலிக் கண்காட்சிக்கே ஏற்பாடு செய்தது. 1947-ல் அது நடந்தபோது, மனிதர் உயிரோடு நேரில் வந்து நின்றார்!

அதே ஆண்டு ராபர்ட் காப்பா உள்ளிட்ட நண்பர்களோடு மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கி, இந்தியாவுக்கு வந்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், காந்தி சுடப்பட்டார். பிர்லா மாளிகை வாசலில் நேரு அந்தச் செய்தியைச் சொல்லும் படம் இவர் எடுத்ததுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து திருவண்ணாமலை. ரமண மகரிஷி கையில் புற்றுநோயோடு கடைசி நாள்களில் இருந்தார். ஆசிரமம் முழுக்க மௌனம். ரேஞ்ச்ஃபைண்டரின் அருமை புரிவது இந்த மாதிரி இடத்தில்தான். எஸ்.எல்.ஆர் மாதிரி உள்ளே கண்ணாடி தூக்கி அடிக்காது. துணித்திரை ஷட்டர் மெல்ல ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். ஏப்ரல் 14 இரவு, மகரிஷி மறைந்த நேரத்தில் வானில் ஓர் ஒளி நகர்ந்து போனதைப் பார்த்தவர்களில் இவரும் ஒருவர். அதே மாதம், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், பல ஆண்டுகளாக யாரும் படம் எடுத்திராத அரவிந்தரை எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார். இந்த இடங்களில் ஷட்டர் மக்கர் பண்ணியிருந்தால் இன்னொரு வாய்ப்பு ஏது?

அதனால, நீங்க பிராண்டுக்கு முன்னாடி ஷட்டரைப் பாருங்க. ஒரு செகண்ட் வேகத்தில் வெச்சு அழுத்திக் காது கொடுங்க. பாதியில நின்னா சர்வீஸ் செலவு காத்திருக்கு. பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, துணித்திரை மேல டார்ச் அடிங்க. ஊசித்துளி வெளிச்சம் தெரிஞ்சா ஓட்டை. நம்ம ஊர் வெயில்ல மூடி போடாம சூரியனைப் பார்த்து வெச்சாலே, லென்ஸ் அந்தத் துணியைப் பொசுக்கிடும். அடுத்து, வ்யூஃபைண்டர் நடுவுல ஒரு பிம்பம் ரெண்டா தெரியும். லென்ஸை இன்ஃபினிட்டியில வெச்சு, தூரத்து செல்போன் டவரைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா சேரணும். சேரலைன்னா ஃபோகஸ் பொய் சொல்லுது. லென்ஸுக்குள்ள சிலந்தி நூல் மாதிரி ஏதாச்சும் இருந்தா பூஞ்சை, வேண்டவே வேண்டாம்.

லைக்கா எம்3 ஆசை எனக்கும் உண்டு. ஆனா முதல் கேமராவுக்கு அது தேவையில்லை. கேனனெட் க்யூஎல்17 மாதிரி, பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடுறதா பாருங்க. யாஷிகா எலெக்ட்ரோ 35 அழகுதான், ஆனா பேட்டரி இல்லாம ஒழுங்கா வேலை செய்யாது. சோவியத் ஜோர்கி, ஃபெட் விலை குறைவு. சிலர் அதுமேலயே லைக்கான்னு பேர் பொறிச்சு விக்கிறாங்க, உஷார்! ஜோர்கி கையில கிடைச்சா ஃபிலிமை நகர்த்தின பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாத்தணும். முன்னாடியே திருகினா உள்ள கெட்டுப்போக வாய்ப்பிருக்கு.

லென்ஸ் எத்தனை வேணும்? ப்ரெஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 எம்.எம் ஒன்றையே வைத்துக்கொண்டு சமாளித்தார். 1970-களில் படம் எடுப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, இளமையில் விட்ட ஓவியத்துக்கே திரும்பினார். 2004 ஆகஸ்ட்டில், 96-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது இறந்தார்.

கடைசியா ஒண்ணு. ரேஞ்ச்ஃபைண்டர்ல லென்ஸ் வழியா பார்க்க மாட்டீங்க. மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி பளிச்சுன்னு தெரியும். முதல் ரோலை இப்படி முழுக்கக் கறுப்பா எடுத்தவங்க நிறைய பேர், நானும்தான்.