தாழை நிழலில் தமியான்

தமியன் என்னும் சொல்லுக்குத் துணையற்றவன் என்பது பொருள். பெல்ஜிய நாட்டுக் குரு ஒருவரின் துறவுப் பெயரைத் தமிழில் எழுதப் புகுந்தோர் தமியான் என்று எழுதினர். ஒலியால் நேர்ந்த தற்செயலே எனினும், கவிஞர் எவரும் தேடிக் கண்டிருக்க இயலாத பொருத்தம் அதில் அமைந்துவிட்டது.

1840 ஜனவரி 3ஆம் நாள் ட்ரெமலோ என்னும் சிற்றூரில் உழவர் வணிகர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். யோசேப்பு தெ வெஸ்தர் என்பது இயற்பெயர். 1860இல் பாரிசில் திருஇருதயங்களின் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, உலகுக்கு இறந்தமைக்கு அடையாளமாகப் பிணத்தின் மேல் போர்த்தும் கருந்துணியை அவர்மேல் போர்த்தினர். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றையும் அன்று ஏற்றார். மூன்றாவதுதான் வாழ்நாள் முழுதும் அவரைச் சோதித்தது. அவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த தமையன் நோயுற்றபோது, அவ்விடத்தைத் தமக்குத் தருமாறு உடனிருந்த தலைவரைக் கேளாமல் பாரிசிலிருந்த பெருந்தலைவருக்கே நேரே மடல் விடுத்தார். அனுமதி கிடைத்தது. 1864இல் ஹொனலூலுவில் குருவானார்.

அடுத்த ஆண்டே அவாய் அரசு தொழுநோயாளரைப் பிரித்து வைக்கச் சட்டம் இயற்றியது. மூன்று புறம் கடல், ஒரு புறம் விண்ணை மறைக்கும் செங்குத்துப் பாறை. மொலோக்காய்த் தீவின் அம்முனைக்கு 1866 முதல் அவர்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டு இறக்கிவிடப்பட்டனர். 1873 மே மாதம் ஆயர் மைக்ரே, அங்கே குருக்கள் முறைவைத்துச் சென்று தங்கலாமா என வினவியபோது நால்வர் முன்வந்தனர். முதல் முறை தமியானுக்கு. மே 10ஆம் நாள் ஆயரே உடன் சென்று அவரை அங்கு விட்டுவந்தார். அவரது முறை முடியவே இல்லை. தங்க வீடின்றி முதல் நாள்களை ஒரு தாழை மரத்தடியில் கழித்தார். நம் நெய்தல் நிலத்துத் தாழைக்கு உறவான மரமே அதுவும். சங்கப் பாடல்களில் காதலர் காத்திருந்த நிழல் அங்கே இத்தகைய ஒருவருக்குக் கூரையாயிற்று.

குடியிருப்பைவிட்டு வெளியேறலாகாது என்று சுகாதார வாரியம் அவருக்குத் தடை விதித்தது. கத்தோலிக்கக் குரு எவராயினும் தம் பாவங்களை வேறொரு குருவிடம் அறிக்கையிட்டாக வேண்டும். ஒருமுறை சபைத் தலைவர் மொதெஸ்து வந்த கப்பலில், அவரைக் கரையிறங்கக் கப்பல் தலைவன் விடவில்லை. படகேறி வந்த தமியானை மேலேற விடவும் இல்லை. அலைமேல் ஆடிய படகிலிருந்தவாறே, மேல்தளத்தில் நின்றவரை நோக்கித் தம் பாவங்களை உரத்த குரலில் சொல்லி மன்னிப்புப் பெற்றார். இக்காட்சியை நான் எண்ணாத நாள் குறைவு. அரசாணையை அவர் மீறவில்லை. தம் மனச்சான்றின் கடனையும் விட்டுவிடவில்லை. இரண்டுக்கும் கொடுத்த விலை நாணம்.

ஆயினும் எல்லா எச்சரிக்கைக்கும் அவர் பணிந்தவரல்லர். நோயாளரோடு ஒரே கலத்தில் கைவிட்டு உண்டார், புண்களைக் கழுவினார், வீடும் கோயிலும் கட்டினார், சவப்பெட்டி செய்தார். 1884 இறுதியில் ஒருநாள் கொதிநீரில் கால் வெந்தும் வலி தெரியாதபோது நிகழ்ந்ததை உணர்ந்தார்.

அதன்பின் வந்தது கசப்பான காலம். 1886இல் சிகிச்சை நாடி ஹொனலூலு வர விரும்பியபோது, புதிய சபைத் தலைவர் ஃபூனெல் கடுமையாகத் தடுத்தார். நோயைவிட அது அவரை வருத்திற்று. எனினும் சென்றார், சில நாளில் திரும்பினார். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கக் குரு ஒருவர் நிதி திரட்டி அனுப்பினார். உலகின் புகழனைத்தும் ஒருவருக்கே சேர்கிறது, திருச்சபையும் அரசும் கைவிட்டன போலாகிறது என்று மேலிடம் சினந்தது. அவர்களைக் கொடியவர் என்பது நேர்மையாகாது. அரசோடு இணங்கிப் பல இல்லங்களை நடத்தும் பொறுப்பு அவர்களுடையது. தமியானோ பிடிவாதக்காரர், முன்கோபி. ஆனால் அந்தப் பணம் நோயாளருக்கு ஆடையாயிற்று. அதைத் திருப்பியனுப்பும் கீழ்ப்படிதலை அவர் கற்கவில்லை. சபையை விட்டு நீங்கவும் இல்லை.

1889 ஏப்ரல் 15இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே ஹொனலூலுவின் பிராட்டஸ்டன்ட் போதகர் ஹைடு, தமியான் எவரும் அனுப்பாமல் தாமே சென்றவர், முரடர், ஒழுக்கமற்றவர் என்று எழுதிய மடல் அச்சேறியது. எவரும் அனுப்பாமல் என்பது பொய் என்பதற்கு ஆயரின் பயணமே சான்று. தமியான் இறந்த சில வாரங்களில் அத்தீவில் தங்கியிருந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன், 1890இல் சிட்னியிலிருந்து திறந்த மடல் ஒன்றால் மறுமொழி தந்தார். குறைகளை மறைக்காமல், அவற்றை வைத்துக்கொண்டே அவரைப் பெரியவராகக் காட்டிய எழுத்து அது. புகழ்ந்து பாடுவோர் கற்க வேண்டிய முறை.

முதல் நாள்களில் தங்கிய அதே தாழையடியில் அவரைப் புதைத்தனர். 1936இல் பெல்ஜிய அரசின் வேண்டுகோளால் உடல் தோண்டியெடுக்கப்பட்டு லூவேன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1995இல் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபின், வலக்கை மட்டும் மொலோக்காய்க்குத் திரும்பி வந்து பழைய குழியில் வைக்கப்பட்டது.