ராணுவத்தை விட்டு வந்து மனசை அளந்தவர்... யார் இந்த ஸ்பியர்மேன்?

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்களுக்கு 'ஸ்பியர்மேன் தர ஒட்டுறவு' ஞாபகம் இருக்கும். ஃபார்முலா தெரியும், ஆளைத்தான் தெரியாது.

சார்லஸ் ஸ்பியர்மேன் 1863-ல் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1897-ல் அந்த வேலையை உதறிவிட்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட்டிடம் உளவியல் படிக்கப் போனார். டாக்டர் பட்டம் கிடைக்கும்போது வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. ராணுவத்தில் கழிந்த வருஷங்கள் வீண் என்ற வருத்தம் கடைசிவரை இருந்தது.

பட்டம் வாங்கும் முன்பே, 1904-ல், அந்தப் பிரபலமான கட்டுரை வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பிரெஞ்சு, கணக்கு, இசை மதிப்பெண்களை ஒப்பிட்டார். ஒன்றில் முந்துகிற பிள்ளை பெரும்பாலும் மற்றதிலும் முந்தியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுத் திறன் இருக்கு என்று முடிவு செய்து, அதற்கு 'ஜி' என்று பெயர் வைத்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. தேர்வு என்பது தராசு இல்லை. இன்று 60 எடுக்கிற பிள்ளை நாளைக்கு 70 எடுக்கலாம். இந்தத் தடுமாற்றம் உண்மையான தொடர்பை எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்பதற்கும் கணக்கு போட்டார். அது இன்றும் பயன்படுகிறது.

'ஜி'தான் சிக்கல். பொதுத் திறன் என்று ஒன்று இல்லாமலே இதே எண்கள் வரலாம் என்று 1916-ல் காட்டினார் காட்ஃப்ரே தாம்சன். ஸ்பியர்மேன் ஏற்கவில்லை. இருவரும் பல வருஷம் மோதினார்கள்.

1945-ல் ஸ்பியர்மேன் இறந்தார். அப்போது இங்கிலாந்தில் 11 வயசுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகணும் என்பதையே நுண்ணறிவுத் தேர்வுகள் தீர்மானித்தன. வேடிக்கை என்னன்னா, அவற்றில் பலவற்றைத் தயாரித்தது தாம்சனின் குழுதான்.