லாபமும் மனிதனும்: ராபர்ட் ஓவன்

பொருளாதார அமைப்புகள் எத்தனை வகை என்று கேட்டால் தனியார் தொழில்முறை, பொதுவுடைமை, கூட்டுறவு என்று மடமடவென ஒப்பித்துவிடுவோம். முதல் இரண்டையும் சொந்தக் காசு போட்டு நடத்திப் பார்த்து, மூன்றாவதற்கு வித்திட்டவர் ராபர்ட் ஓவன்.

1771-ல் வேல்ஸ் நாட்டின் நியூடவுனில், சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். படிப்பு பத்து வயசோடு சரி. துணிக்கடையில் வேலை பழகியவர், இருபது வயசிலேயே மான்செஸ்டரில் சுமார் 500 பேர் உழைக்கும் பஞ்சாலைக்கு மேனேஜர்!

1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலை அவர் பொறுப்புக்கு வந்தது. அன்றைய முதலாளிகளுக்குப் போட்டிதான் சட்டம். கூலியைக் குறை, நேரத்தைக் கூட்டு, குழந்தைகளை வேலைக்கு வை; சரக்கு மலிவாகும், விற்கும். ஓவன் வேறு கணக்குப் போட்டார். மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டால் நன்றாக ஓடுகிறதே, அதை ஓட்டும் மனிதனைக் கவனித்தால்?

பத்து வயசுக்குட்பட்ட பிள்ளைகள் ஆலையிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். வேலை நேரம் பத்தரை மணியாகக் குறைந்தது. ஆலைக் கடையில் கொள்முதல் விலையை ஒட்டியே சாமான்கள் கிடைத்தன. அடி உதைக்குப் பதில், ஒவ்வொருவர் பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கியது: கறுப்பு தெரிந்தால் நேற்றைய வேலை மோசம், வெள்ளை என்றால் பிரமாதம். அமெரிக்கப் பஞ்சு வராமல் நான்கு மாதம் ஆலை நின்றபோதும் முழுக் கூலி கொடுத்தார். அப்படியும் ஆலை லாபத்தில்தான் ஓடியது! இந்தச் செலவெல்லாம் எதற்கு என்று பங்குதாரர்கள் முணுமுணுத்தபோது, ஐந்து சதவீத லாபம் போதும் என்ற புதிய பங்குதாரர்களை 1813-ல் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து, தனிச்சொத்தே இல்லாத ஊர் அமைக்க ஆசைப்பட்டு, 1825-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் நியூ ஹார்மனியை விலைக்கு வாங்கினார். ஏறக்குறைய 800 பேர் திரண்டார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களோ குறைவு. உழைப்பவர் உழைத்துக்கொண்டே இருக்க, பேசுபவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். இரண்டே ஆண்டில் திட்டம் கலைந்தது. ஓவனின் செல்வத்தில் பெரும்பகுதி அதோடு போச்சு.

ஆனால் விதை வீணாகவில்லை. அவர் கருத்தால் தூண்டப்பட்டு, 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் ஒரு கடை திறந்தார்கள். கலப்படமற்ற மாவு, வெண்ணெய், சர்க்கரை. ஆளுக்கு ஒரு ஓட்டு. வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. இன்றைய கூட்டுறவுச் சங்கங்கள் பின்பற்றும் வழி அதுதான். 1858-ல், பிறந்த ஊரிலேயே ஓவன் கண்மூடினார்.

போட்டி இருந்தால் இரக்கத்துக்கு இடமில்லை என்பதை நியூ லனார்க் பொய்யாக்கியது. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதும் என்பதை நியூ ஹார்மனி பொய்யாக்கியது. நாளை சூபர்வைசராக ஷாப்புக்குள் நுழையப்போகும் நமக்கு இந்த இரண்டு பாடமுமே வேணும், நண்பர்களே!