தந்த வைத்தியத்திற்கு வித்திட்ட டாக்டர் ரபியுத்தீன் அகமது

ஆழியாற்றினின்று நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடைவோர், தேயிலைத் தோட்டங்களினூடே சிறிய ஆஸ்பத்திரிகளைக் காண்பர். பல்வலியென்று அங்கு வரும் தொழிலாளியை முதலிற் பார்ப்பவள் பெரும்பாலும் தாதியே. வெற்றிலையும் புகையிலையும் அடக்கிப் பழகிய வாயில் வெறும் ஈறு வீக்கம் எது, ஆறாத கொடும்புண் எது என்று அவள் பகுத்தறிவாளாயின் ஓர் உயிர் பிழைக்கவும் கூடும். நினைவிழந்து கிடப்பவரின் வாயைத் துடைத்துத் தூய்மை செய்யாதுவிடின், அங்குள்ள கிருமிகள் நுரையீரலிற் புகுந்து கடுஞ்சுரத்தை விளைவிக்கும். இரவில் பல் துலக்காது உறங்கும் தாதி இவற்றைப் பிறர்க்கு எங்ஙனம் போதிப்பாள்? அவளுக்குத்தான் போதித்தவர் யார்? பல்லைப் பற்றிய கல்வி முறையாக நடைபெறும் கலாசாலை நாட்டில் இருந்தாலன்றோ அவ்வறிவு மலைமீதும் ஏறும்! அத்தகைய கலாசாலையை இந்தியாவில் முதன்முதல் நிறுவியவரே நம் சரித்திர நாயகர்.

டாக்டர் அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் கிழக்கு வங்காளத்திற் பிறந்தார். அலிகாரிற் பயின்றபின் அமெரிக்கா சென்று, அயோவா சர்வகலாசாலையில் 1915-இல் தந்த வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரில், குழந்தைகளின் பற்களைப் பேணுதற்கென்றே ஏற்பட்ட பார்சைத் ஆஸ்பத்திரியிற் பணிபுரிந்தார். பல்லைச் சுத்தம் செய்யவும், பேணும் முறையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கவும் பெண்களைப் பழக்கும் பள்ளியொன்று 1916-இல் அங்குத் தோன்றியது. வைத்தியரின் கையிலிருந்த அறிவு துணைவியர் கைக்கு மாறத் தொடங்கிய காலம் அது.

1919-இல் தாயகம் திரும்பியவர் மறு ஆண்டே கல்கத்தாவில் கலாசாலையைத் தொடங்கினார். அக்காலத்தில் பல் பிடுங்குவதைச் சந்தைத் தெருவிற் குறடேந்தி அமர்ந்தவரின் தொழிலாகவே பலரும் எண்ணினர். அதனைப் படித்துப் பட்டம் பெற வருவோர் எத்துணைப் பேர்? முதல் மூன்றாண்டுகளிற் சேர்ந்த மாணவர் பதினொருவரே. பொருளுதவியும் இல்லை. ஆகவே அவர் நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் பானக் கடையொன்றை நடத்தி, அதன் வருவாயைக் கலாசாலைக்குச் செலவிட்டார். பல்லைக் கெடுக்கும் சர்க்கரைப் பானமே பல்லைக் காக்கும் கல்விக்குக் காசளித்தமை, எண்ணுந்தோறும் நகை விளைப்பதாகும்! அங்குப் பயின்று தேறிய பெண்களுள் ஒருவர், முகம்மது அலி ஜின்னாவின் சகோதரி பாத்திமா.

1928-இல் மாணவர்க்கென ஒரு பாடநூல் வெளியிட்டார். சட்டத்திற்காகவும் இடைவிடாது உழைத்தார். 1939-இல் வங்காளத்திலும், 1948-இல் இந்தியா முழுமைக்கும் தந்த வைத்தியர் சட்டங்கள் பிறந்தன. பின்னைய சட்டம் வைத்தியரோடு, பல் துப்புரவுப் பணியாளரையும் பதிவுக்குரியோராக ஏற்றது. இதனை யாம் சிறப்பாகக் குறிப்பதற்குக் காரணம் உண்டு: பற்களைக் காப்பது வைத்தியர் ஒருவரால் மட்டும் முடிவதன்று என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாயிற்று.

1949-இல் தம் உழைப்பின் பயனாகிய கலாசாலையை அவர் அரசாங்கத்திற்கே அளித்துவிட்டார். நமது சென்னையில் அரசினர் தந்த வைத்தியக் கல்வி தொடங்கியது 1953-இல் என்பதை நினைப்போர், அவர் எத்துணை முன்னதாக விதைத்தார் என்பதை உணர்வர். மேற்கு வங்க மந்திரியாகவும் பல்லாண்டு விளங்கினார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று, மறு ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த நாளே இந்நாட்டில் தந்த வைத்தியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடு சென்றிருக்கும் நம் மாணவர்க்கு அது பெரும்பாலும் தெரியாமலே கழிகின்றது.