சங்கீதத்தை நம்ம ராகத்துல பாடவெச்சவர்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

ஆரணின்னா பட்டு. தறிச்சத்தம் கேட்காத தெரு அங்கே குறைவு. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில சர்ச் பக்கம் போனா வேற சத்தம் கேட்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம்னு ஒரு கீர்த்தனை. ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, கூட்டமே திருப்பிப் பாடும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, வழிபாடா கச்சேரியான்னு சந்தேகம் வந்துடும்.

பைபிள்ல 150 பாடல்கள் கொண்ட ஒரு புத்தகம் இருக்கு. புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிள்ல அதோட பேரே 'சங்கீதம்'தான். அப்படிப்பட்ட சங்கீதத்தை நம்ம ஊர் சங்கீதத்துல பாடலாமா, கூடாதான்னு ஒரு காலத்துல பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டையில வேலையை இழந்தவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். ('பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதின மாயூரம் வேதநாயகம் பிள்ளையோட குழப்பிக்காதீங்க. அவர் வேற, இவர் வேற.)

நெல்லைப் பையன், தஞ்சைப் படிப்பு

1774 செப்டம்பர் 7-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா தேவசகாயம் பிள்ளை. பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் அவரைத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைச்சுட்டுப் போனார். பிறகு தரங்கம்பாடியில் மறைக்கல்வி. 19 வயதிலேயே தஞ்சாவூர்ல மிஷன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர்.

அதே ஷ்வார்ட்ஸோட பாதுகாப்புல இன்னொரு பையனும் வளர்ந்தார். அவர்தான் பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. ஒருத்தர் அரசராகப்போறவர், இன்னொருத்தர் கவிஞராகப்போறவர். மதம் வேற வேறயா இருந்தும் அந்தப் பழக்கம் கடைசிவரை விட்டுப்போகலை.

பாட்டுல என்ன பிரச்னை?

அப்போ சர்ச்ல பாடினது பெரும்பாலும் 'ஞானப்பாட்டு'. ஜெர்மன் பாடல்களைத் தமிழில் மொழிபெயர்த்து, அதே ஜெர்மன் மெட்டுல பாடுவாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா தமிழ் அதுக்கு ஒத்துழைக்கணுமே!

தமிழ்ல குறிலை இழுத்தா நெடில் ஆகிடும். 'கல்'லை இழுத்தா 'கால்', 'பல்'லை இழுத்தா 'பால்'. வெளிநாட்டு மெட்டு நீட்டச் சொல்ற இடத்துல ஒரு குறில் வந்து உட்கார்ந்தா, அர்த்தமே மாறிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நீளமான பாட்டைப் புத்தகம் இல்லாம எப்படிப் பாடுவாங்க?

கீர்த்தனையில இந்த ரெண்டுக்குமே வழி இருந்தது. ராகமும் தாளமும் தமிழ்ச் சொல்லுக்குப் பழகினவை. பல்லவி மட்டும் மனசுல நின்னா போதும், சரணத்தை ஒருத்தர் பாட, மத்தவங்க பல்லவியில சேர்ந்துக்கலாம். எபிரேய மொழியிலயும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு இருந்திருக்கு. 136-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்க. 26 வசனம், ஒவ்வொண்ணும் ஒரே வாக்கியத்துல முடியும். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் பல்லவி!

சாஸ்திரியார் அதோட நிற்கலை. திரிகூடராசப்பக் கவிராயரோட குற்றாலக் குறவஞ்சியை எல்லாரும் கொண்டாடின காலத்துல, அதே வடிவத்துல 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்டு 'சாஸ்திரக் கும்மி' எழுதினார். 'ஞானத்தச்ச நாடகம்', 'ஜெபமாலை'ன்னு பட்டியல் நீளும். மக்கள் வாயில ஏற்கெனவே இருந்த வடிவத்துல பைபிள் கதையைக் கொண்டுபோனார். அதுதான் அவர் வழி.

வேலை போன கதை

ஷ்வார்ட்ஸ் 1798-ல் இறந்தார். பின்னாடி வந்த புது மிஷனரிகளுக்குப் பழைய வழக்கங்கள் பிடிக்கலை. சாஸ்திரியாரோட குறைகள் முக்கியமா நாலு. பழகின பைபிள் மொழிபெயர்ப்பை மாத்துறாங்க. விசேஷங்கள்ல பூ வைக்கக் கூடாதுங்கிறாங்க. தமிழ்க் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் சர்ச்ல ஒதுக்குறாங்க. இத்தனைக்கும் கடைசிச் சங்கீதமான 150-ம் சங்கீதமே ஒவ்வொரு வாத்தியமா பேர் சொல்லி வாசிக்கச் சொல்லுது!

இந்த மூணையும் படிச்சா நாம அவர் பக்கம்தான் நிப்போம். நாலாவது, சாதி.

தஞ்சை சர்ச்ல வெள்ளாளருக்கும் தலித் மக்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. அதை எடுத்துட்டு எல்லாரையும் ஒண்ணா உட்காரச் சொன்னாங்க புது மிஷனரிகள். வெள்ளாளரான சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார், அதுக்காகத் தனியா நூலும் எழுதினார். பாட்டுல நம்ம மண்ணுக்காகப் பேசின அதே மனுஷன், உட்கார்ற இடத்துல சாதிக்காகப் பேசினார். அவர் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு எழுத முடியாது.

1820-களோட கடைசியில் பள்ளி வேலை போச்சு. கைகொடுத்தது சரபோஜியோட அரண்மனை. 1832-ல் சரபோஜியும் போயிட்டார். அடுத்த வருஷமே ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் தன் சபைகள்ல சாதிப் பாகுபாடு கூடாதுன்னு உத்தரவு போட்டார். அந்த விஷயத்துல சாஸ்திரியார் தோத்தார். தோத்தது நல்லதுதான்.

பாட்டு ஜெயிச்சது

ஆனா பாட்டு தோக்கலை. மதுரைப் பக்கம் வேலை செஞ்ச அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடிச் சேர்த்து 1853-ல் புத்தகமா கொண்டுவந்தார். அதுல சாஸ்திரியார் பாடல்களுக்கு முக்கிய இடம். எந்தப் பாட்டுக்காகச் சண்டை போட்டாரோ, அது வழிபாட்டுப் புத்தகமாவே வந்துடுச்சு. அப்போ அவருக்கு வயசு எழுபதுகளின் கடைசி. 1864 ஜனவரி 24-ம் தேதி, 89 வயதில் காலமானார்.

அதே 1853-ல்தான் வட தமிழகத்தில் ஆற்காடு மிஷனும் தொடங்கியது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கின அந்த மிஷன், கொஞ்ச காலத்துலயே ஆரணிக்கும் வந்தது. அவங்க சார்ந்த அமெரிக்கச் சீர்திருத்த சபையோட வேர் கால்வின் மரபுல இருக்கு. 1562-ல் 150 சங்கீதங்களையும் மெட்டமைச்சு முடிச்ச ஜெனீவாவோட மரபு அது. சங்கீதம் பாடியே வளர்ந்த சபை, இங்கே வந்து கீர்த்தனைக்கு மாறுச்சு.

ஆற்காடு மிஷன் சாதி விஷயத்துல கறாரா இருந்தது. அந்தப் பகுதிக் கிராமங்கள்ல அதுல சேர்ந்தவங்க பெரும்பாலும் தலித் மக்கள். அவங்க பேரன் பேத்திகள் இன்னைக்கு ஒரே பாயில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து, கல்யாணத்துல மங்களம் பாடுறாங்க. தமிழ்ச் சபைகள்ல அதிகம் பாடப்படுற மங்களத்தை எழுதினவர் சாஸ்திரியார்.

யாரைத் தள்ளி உட்காரச் சொன்னாரோ, அவங்க குரல்லதான் அவர் பாட்டு உயிரோட இருக்கு. அடுத்த முறை ஒரு கீர்த்தனை காதுல விழுந்தா, ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க.